கூடி விளையாட ஒரு கூடம்

மாலை நேரத்தில் நம் இல்லங்களுக்குச் சென்று பார்ப்போர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். தந்தை ஒரு மூலையில், தாய் ஒரு மூலையில், பிள்ளைகள் வேறு மூலைகளில். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி. ஒரே கூரையின்கீழ் இருந்தும் அவர்கள் நான்கு ஊர்களில் வாழ்கின்றனர். இதைக் கண்டு வருந்தாத பெற்றோர் இல்லை. கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதே வழி என்பர் சிலர். காலத்தின் கோலம் என்று பெருமூச்சு விடுவர் வேறு சிலர்.

பிரிக்கும் கருவியையே சேர்க்கும் கருவியாக மாற்ற முடியுமா? அமெரிக்காவின் சிகாகோ நகரத்து விளையாட்டு நிறுவனம் ஒன்று இந்தக் கேள்விக்கு விடை கண்டது. ஜாக்பாக்ஸ் கேம்ஸ் என்பது அதன் பெயர். 'ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக்' என்னும் தலைப்பில் அந்நிறுவனம் 2014 முதல் 2023 வரை ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு வெளியிட்டது. தொகுப்புக்கு ஐந்து விளையாட்டுகளாகப் பத்துத் தொகுப்புகள். விருந்தினர் கூடும்போதும் குடும்பத்தார் ஒன்றுசேரும்போதும் ஆடுவதற்கென்றே ஆக்கப்பட்டவை இவை. திரையில் நாம் காண்பது சில நிமிடச் சிரிப்பு மட்டுமே. அச்சிரிப்பின் பின்னே எத்தனை சிந்தனை உள்ளது என்பதை அறிந்தால், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தேர்ந்து கொடுக்கும் பெற்றோருக்குப் பெரும்பயன் விளையும்.

கல்வியில் தொடங்கிய கதை

இந்நிறுவனத்தின் வேர் கல்வித் துறையில் இருக்கின்றது. ஹாரி காட்லீப் என்பவர் முதலில் கல்விப் படங்கள் தயாரித்தவர். நல்ல கதை நூல்களைச் சிறுவர் படித்து முடித்தபின், அந்நூல்களைப் பற்றி வினா எழுப்பும் குறுந்தகட்டு விளையாட்டு ஒன்றை அவரது குழு ஆக்கியது. வாசிப்பில் ஆர்வம் ஊட்டுவதே அதன் நோக்கம். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1995ஆம் ஆண்டு பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு இணைந்து வெளியிட்ட 'யூ டோன்ட் நோ ஜாக்' என்னும் வினாடி வினா. அன்று அந்நிறுவனத்தின் பெயர் ஜெல்லிவிஷன்.

அந்த வினாடி வினாவில் கேள்வி கேட்கும் குரல், ஆடுவோரோடு நேருக்கு நேர் பேசுவதுபோல் இருக்கும். தவறான விடைக்கு ஏற்ற கிண்டல், தாமதித்தால் ஒரு சீண்டல் என்று அக்குரல் ஓயாது பேசும். குக்கி மாஸ்டர்சன் என்னும் பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தவர் டாம் காட்லீப். உண்மையில் கணிப்பொறிக்கு எதிரே இருப்பவர் யாரென்று தெரியாது. முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யப்பட்ட ஏராளமான சிறு பேச்சுத் துண்டுகளுள் பொருத்தமானதை அது தேர்ந்தெடுக்கின்றது, அவ்வளவே.

இந்த உரையாடல் கலைக்குச் சில விதிகளையும் அவர்கள் வகுத்துக் கொண்டனர். ஒரு நேரத்தில் ஆடுபவருக்கு ஒரே ஒரு வேலையைக் கொடு. தெரிவுகளைக் குறைவாகவே வை. பயனற்ற தெரிவைக் காட்டாதே. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எந்நொடியிலும் அவருக்குத் தெளிவாக இருக்கட்டும். இவற்றைப் படிக்கும்போது நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பறை நம் நினைவுக்கு வருகின்றதன்றோ? விளையாட்டாயினும் பாடமாயினும், குழப்பம் புகுந்த இடத்தில் மகிழ்ச்சி தங்குவதில்லை.

வீழ்ச்சியும் திருப்பமும்

ஏறுமுகம் நெடுநாள் நீடிக்கவில்லை. மக்கள் கணிப்பொறியை விட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளின் பக்கம் திரும்பினர். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நிறுவனம் தன் ஊழியர்களுள் பெரும்பாலோரை அனுப்ப வேண்டிய நிலைக்கு வந்தது. எஞ்சிய சிறு குழு, பேசும் கணிப்பொறி என்னும் தன் திறமையை வணிக நிறுவனங்களின் விளக்கப் பணிகளுக்குப் பயன்படுத்திப் பிழைத்தது. விளையாட்டுக்கென்று தனிப் பிரிவு 2008இல் மீண்டும் எழுந்தது. 2011இல் பழைய வினாடி வினா புது உருவில் வெளிவந்தது. 2013இல் அப்பிரிவு ஜாக்பாக்ஸ் கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அப்போது அவர்களை வாட்டிய சிக்கல் எளியது போலத் தோன்றும், ஆனால் கடினமானது. விளையாட்டுப் பெட்டியோடு வரும் கைக்கருவி ஒன்றோ இரண்டோதான். எட்டுப் பேர் கூடினால் எட்டுக் கருவிகளுக்கு எங்கே போவது? வாங்கினாலும், அக்கருவியின் பொத்தான்கள் பாட்டிக்கு விளங்குமா? பெயரையோ சொற்றொடரையோ அதில் எழுத முடியுமா?

விடை எல்லோருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருந்தது. கைப்பேசியில் எழுதத் தெரியாதவர் இல்லை. விரலால் கோடு இழுக்கவும் அதில் இயலும். எனவே பெரிய திரை ஒன்று கூடத்தின் நடுவே இருக்கட்டும். கைப்பேசி எழுதுகோலாக மட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தனர். 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபிபேஜ்' இவ்வழியில் பெருவெற்றி கண்டது. அதே ஆண்டு நவம்பரில் அதனோடு வேறு நான்கு விளையாட்டுகளையும் சேர்த்து முதல் தொகுப்பு வந்தது.

தொகுப்பாக வெளியிட்டதில் ஒரு நன்மை உண்டு. தனித்து விற்க முடியாத ஒரு புதுமையான முயற்சியையும், மக்கள் நன்கறிந்த ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் தொகுப்பின் ஃபிபேஜும் 'ட்ராஃபுல்' என்னும் ஓவிய விளையாட்டும் பின்னர்ப் பல பாகங்களாக வளர்ந்தன. அதே தொகுப்பில் இருந்த 'வேர்ட் ஸ்பட்' என்னும் சொல் விளையாட்டு அவ்வாறு வளரவில்லை. ஐந்து விதை ஊன்றினால் ஐந்தும் மரமாவதில்லை. இதை உழவர் அறிவர், இவர்களும் அறிந்திருந்தனர்.

காகிதத்தில் பிறக்கும் விளையாட்டு

கணிப்பொறி விளையாட்டு கணிப்பொறியில்தான் பிறக்கும் என்று நாம் எண்ணுவோம். இங்கே அவ்வாறில்லை. புதிய கருத்தை ஊழியருள் யாரும் முன்வைக்கலாம். முன்வைத்த கருத்தை உடனே நிரலாக எழுதத் தொடங்குவதில்லை. முதலில் காகிதமும் எழுதுகோலும் கொண்டு அலுவலகத்திலேயே ஆடிப் பார்க்கின்றனர். ஒருவர் நடுவராக நிற்பார், மற்றவர்கள் சீட்டில் விடை எழுதிக் கொடுப்பர், அவர் வாசிப்பார். சிரிப்பு வருகின்றதா? யாராவது சும்மா உட்கார்ந்திருக்கின்றாரா? விதியை இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கின்றதா? இவற்றைக் கவனிக்கின்றனர். காகிதத்தில் சிரிப்பு மூட்டாத விளையாட்டை அழகிய வண்ணமும் இசையும் காப்பாற்றா என்பது அவர்கள் கற்ற பாடம்.

ஆடிப் பார்ப்பதன் அருமையை உணர்த்த, வேறொரு நிறுவனத்தில் நடந்ததையும் இங்கே கூறலாம். நிண்டெண்டோ 1998இல் வெளியிட்ட 'மரியோ பார்ட்டி' உலகெங்கும் புகழ்பெற்ற விருந்து விளையாட்டு. அதன் சிறு ஆட்டங்கள் சிலவற்றில் கைக்கருவியின் நடுக்குச்சியை இயன்ற அளவு விரைவாகச் சுழற்ற வேண்டும். வெற்றி வேட்கை கொண்ட சிறுவர் விரலை விட்டு உள்ளங்கையால் சுழற்றினர், கை கொப்பளித்தது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர் தலையிட்டதன் பேரில், 2000ஆம் ஆண்டு வாடிக்கையாளருக்குக் கையுறை வழங்க அந்நிறுவனம் இசைந்தது. போட்டியின் சூட்டில் மனிதர் எப்படி நடந்துகொள்வர் என்பதை வரைபடத்தில் காண இயலாது. கூட்டத்தில் ஆடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பொய்யும் மெய்யும்

ஃபிபேஜ் எப்படி ஆடப்படுகின்றது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். திரையில் வியப்பான உண்மைச் செய்தி ஒன்று தோன்றும். அதில் ஒரு சொல் மட்டும் விடுபட்டிருக்கும். ஒவ்வொருவரும் அவ்விடத்தை நிரப்ப நம்பத்தகுந்த பொய் ஒன்றைத் தம் கைப்பேசியில் எழுதவேண்டும். பின்பு எல்லாப் பொய்களும் உண்மையான விடையும் கலந்து திரையில் வரும். உண்மையைக் கண்டுபிடித்தால் மதிப்பெண். உம்முடைய பொய்யைப் பிறர் நம்பினாலும் மதிப்பெண்.

இத்தகைய ஒரு கேள்வியை எழுதுவது எளிதன்று. உண்மை பொய்போல் தோன்ற வேண்டும். ஆயினும் ஐயத்துக்கு இடமின்றி உண்மையாக இருக்க வேண்டும். விடுபட்ட இடத்தில் பல சொற்கள் பொருந்த வேண்டும். ஒரே சொல்தான் பொருந்துமென்றால் ஆட்டமே இல்லை. யாராவது தற்செயலாக உண்மை விடையையே எழுதிவிட்டால், வேறு எழுதுமாறு கணிப்பொறி சொல்ல வேண்டும். எழுத்துப் பிழையோடு எழுதினாலும் அது கண்டுகொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு விடைக்கும் அதன் மாற்று எழுத்து வடிவங்களைப் பட்டியலிட்டு வைக்கின்றனர். ஒன்றும் தோன்றாமல் தவிப்பவருக்குப் பொய் ஒன்றைக் கடனாகக் கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. அக்கடன் பொய்களையும் எழுத்தாளர்களே முன்கூட்டி எழுதி வைக்க வேண்டும். சிகாகோ நகரம் மேடையில் அவ்வப்போதே நகைச்சுவை புனையும் நாடகக் கலைக்குப் பெயர்பெற்றது. அம்மேடைகளில் பயின்றோர் பலர் இந்நிறுவனத்தின் எழுத்தாளராக அமைந்தது பொருத்தமே.

பொய் சொல்வதை விளையாட்டாக்கலாமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. பொய்யின் தீமை, நம்பியவரை ஏமாற்றுவதில் உள்ளது. இங்கே ஏமாற்று நடக்கப்போகிறது என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆட்டத்தின் முடிவில் உண்மை அனைவர் முன்னிலையிலும் வெளிப்படுகின்றது. கண்ணில் கண்டதையெல்லாம் நம்பாமல், 'இது மெய்தானா?' என்று நின்று எண்ணும் பழக்கம் பிள்ளைகளிடம் வளர இது துணைசெய்யும். வதந்திகள் கைப்பேசி வழியே பறந்துவரும் இந்நாளில் இது சிறிய நன்மையன்று.

கூச்சப்படுவோருக்கு இடம்

கூட்டத்தில் எப்போதும் இரண்டொருவர் ஒதுங்கியே இருப்பர். 'எனக்கு வரையத் தெரியாது', 'எனக்கு வேடிக்கையாகப் பேச வராது' என்பர். அவர்களையும் உள்ளே இழுப்பதில்தான் இத்தகைய விளையாட்டை ஆக்குவோரின் திறமை விளங்குகின்றது.

முதல் ட்ராஃபுல் விளையாட்டில் அழிப்பான் கிடையாது. இழுத்த கோடு இழுத்ததுதான். இது குறைபோலத் தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள். அழிப்பான் இருந்தால் ஓவியத் திறமை உள்ளவர் அழித்து அழித்து அழகுபடுத்துவார், இல்லாதவர் வெட்கப்படுவார். அழிப்பான் இல்லாதபோது எல்லோருடைய படமும் கோணலாகின்றது. மேலும் வரையக் கொடுக்கும் தலைப்பே விசித்திரமானது. கோணலான படத்திற்கு மற்றவர்கள் பொய்த்தலைப்புக் கொடுக்க, அங்கே மோசமான படமே நல்ல ஆட்டமாக மாறுகின்றது.

'குவிப்லாஷ்' என்னும் விளையாட்டு 2015இல் வெளிவந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்களிடமே திரட்டினர். 30,000 டாலர் கேட்டனர். அதற்கு மேலேயே கிடைத்தது. இதில் ஒரே கேள்விக்கு இருவர் வேடிக்கையான விடை எழுத, மற்றவர்கள் வாக்களிப்பர். வாக்குப்பதிவு முடியும்வரை எழுதியவர் பெயர் தெரியாது. முதலாளி எழுதினார் என்று யாரும் வாக்களிக்க இயலாது. கடைக்குட்டி எழுதினாள் என்று யாரும் ஒதுக்கவும் இயலாது. வீட்டில் வாய்திறவாத பிள்ளை எழுதியது அறை முழுவதையும் சிரிக்கவைத்தபின் அதன் பெயர் திரையில் தோன்றும்போது, அப்பிள்ளை அடையும் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ?

தோற்றவரை என்ன செய்வது என்பது பழைய சிக்கல். நாற்காலி ஆட்டத்தில் முதலில் வெளியேறும் குழந்தை சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கும். 2016ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ஒரு வினாடி வினாவில், தோற்றவர் 'ஆவி'யாகித் தொடர்ந்து விடை சொல்லலாம். கடைசிச் சுற்றில் உயிரோடு இருப்பவரை முந்திச் சென்று வெல்லவும் செய்யலாம். அவ்விளையாட்டின் சூழல் கொலையும் திகிலும் கலந்தது, சிறுவருக்கு ஏற்றதன்று. ஆனால் யாரையும் சுவரோரம் நிறுத்தாத அந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஃபிபேஜில் மதிப்பெண்ணைத் தொடாமல், பிடித்த பொய்க்குக் கட்டைவிரல் காட்டிப் பாராட்டும் வசதியும் உண்டு. கடைசியில் வந்தவரும் மிகுதியான பாராட்டுப் பெற்றவராகலாம்.

நான்கெழுத்துச் சாவி

தொழில்நுட்பத்தைச் சுருங்கச் சொல்வோம். ஆட்டத்தை ஒருவர் வாங்கினால் போதும். அவர் தொடங்கியதும் பெரிய திரையில் நான்கு ஆங்கில எழுத்துகள் தோன்றும். மற்றவர்கள் தம் கைப்பேசியின் உலாவியில் நிறுவனத்தின் இணைய முகவரிக்குச் சென்று அந்நான்கெழுத்தையும் தம் பெயரையும் இட்டால் உள்ளே வந்துவிடலாம். எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. கைப்பேசி தொலைக்காட்சியோடு நேரே பேசுவதில்லை. இரண்டும் தொலைவிலுள்ள சேவைக் கணிப்பொறியோடு பேசுகின்றன. அது செய்தியை இங்கும் அங்கும் சேர்க்கின்றது. பெரும்பாலும் எட்டுப் பேர்வரை ஆடலாம். அதற்கு மேற்பட்டோர் பார்வையாளராக இருந்து வாக்களிக்கலாம். குவிப்லாஷில் 10,000 பேர்வரை இதற்கு இடம் வைத்தனர்.

இந்த ஏற்பாட்டின் பயன் 2020இல் விளங்கிற்று. கொரோனா நோய்த் தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது, ஒருவர் தம் திரையைக் காணொளி அழைப்பில் காட்ட, வெவ்வேறு நகரங்களில் இருந்த உறவினர் தத்தம் கைப்பேசியில் ஆடினர். ஒரே அறையில் இருப்போருக்கென்று ஆக்கிய விளையாட்டு, ஒன்றுசேர முடியாதவரைச் சேர்த்துவைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் 'ட்ராஃபுல் 2' விளையாட்டைச் சில வாரங்கள் நிறுவனம் இலவசமாகவே கொடுத்தது. திடீரென்று பெருகிய கூட்டத்தைத் தாங்கச் சேவைக் கணிப்பொறிகளைப் பெருக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு குவிப்லாஷின் இரண்டாம் பாகம் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகளிலும் வந்தது. நகைச்சுவையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சிரிப்பு ஆவியாகிவிடும். அந்தந்த மக்கள் எதைக் கேட்டுச் சிரிப்பர் என்று அறிந்து எழுத வேண்டும். அந்த வரிசையில் தமிழ் இல்லை.

பெற்றோர் கவனத்திற்கு

ஆடுவோரே விடை எழுதும் விளையாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. திரையில் வருவது ஆடுவோரின் உள்ளத்தில் இருப்பதே. நல்லவர் கூடினால் நல்ல நகைச்சுவை. மற்றவர் கூடினால் ஆபாசமும் பிறரைப் புண்படுத்தும் ஏளனமும். ஆக்கியோர் இதை அறிந்து, பல ஆட்டங்களில் குடும்பத்துக்கு ஒவ்வாத கேள்விகளை விலக்கும் அமைப்பை வைத்துள்ளனர். பிந்தைய தொகுப்புகளில், ஒவ்வொரு விடையையும் ஒருவர் பார்த்து அனுமதித்த பின்பே திரையில் வரும்படியும் செய்யலாம். மெல்ல எழுதும் முதியோருக்காக நேரத்தை நீட்டித்துக் கொள்ளவும் வழியுண்டு. ஆனால் இவ்வமைப்புகளை நாமே தேடி இயக்க வேண்டும். 2024இல் வயது வந்தோருக்கென்றே 'நாட்டி பேக்' என்னும் தனித் தொகுப்பு ஒன்றும் வெளிவந்தது. அது குடும்பத்திற்கு உகந்ததன்று. ஒரே நிறுவனத்தின் பெயரைக் கண்டு எல்லாவற்றையும் நம்பிவிடலாகாது. வாங்குமுன் பெற்றோர் தாமே ஒருமுறை ஆடிப் பார்த்தல் நலம்.

ஆங்கிலம் நன்கு வராத இல்லங்கள் இதனால் ஏங்க வேண்டியதில்லை. இவ்விளையாட்டுகளை ஆக்குவோர் முதலில் காகிதத்தில்தான் ஆடிப் பார்க்கின்றனர் என்று கண்டோம். அதை நாமும் செய்யலாம். இரவு உணவு முடிந்தபின் அரைமணி நேரம் கைப்பேசிகளை அலமாரியில் வையுங்கள். ஒருவர் நடுவராக இருக்கட்டும். அகராதியிலிருந்து யாரும் அறியாத தமிழ்ச்சொல் ஒன்றை அவர் எடுத்துச் சொல்லட்டும். மற்றவர்கள் அதற்குப் பொய்ப்பொருள் ஒன்றைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். நடுவர் உண்மைப் பொருளையும் ஒரு சீட்டில் எழுதிக் கலந்து, எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிக்கட்டும். உண்மையைக் கண்டவருக்கு இரண்டு மதிப்பெண். பிறரை நம்பவைத்தவருக்கு, நம்பியவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அடுத்த சுற்றுக்கு நடுவர் மாறட்டும்.

எழுதப் படிக்க இயலாத பாட்டியிருந்தால், பேரன் அவர் காதருகே அமர்ந்து அவர் சொல்வதைச் சீட்டில் எழுதட்டும். யாருடைய உருவத்தையும் குறையையும் ஏளனம் செய்யும் விடைக்கு மதிப்பெண் இல்லை என்று தொடக்கத்திலேயே விதி செய்துகொள்ளுங்கள். பொய் எழுதுவதில் கெட்டிக்காரர் யாரென்பது இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது வீட்டில் மிகக் குறைவாகப் பேசுபவராகவே இருக்கும்.